வலது பூட்ஸ் எழும்பாத சனிக்கிழமை

"என் பூட்ஸ் தரையை விட்டு எழும்பாம இந்த ஜில்லாவுல ஒரு மெட்டும் முடியாது. இடியே விழுந்தாலும் முடியாது."

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இப்படி அறிவித்தவர் வெர்லின் ஸ்டிடம். கிழக்குக் கென்டக்கி மலைப்பக்கத்தில் பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி முதல் மாண்டலின் சக்கரவர்த்தி. அறிவித்த இடம் நெட்டி பர்ச்செட்டின் தீவனக்கடை. கேட்டவர்கள் மூன்று பேர், இருபது மூட்டை கோழித்தீவனம்.

அந்த அறிவிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும் அந்த ஜனங்களிடையே, மெட்டைத் தொடங்கியவரே முடிக்கவும் வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு முறை வாசித்து, சுற்று திரும்ப அவரிடம் வந்ததும், இதுதான் கடைசி என்பதற்கு அவர் வலது காலைத் தூக்குவார். இரண்டு கைகளுக்கும் வேலை இருப்பதால் காலுக்கு இந்தப் பதவி கிடைத்தது. இடது காலைத் தூக்கினால் செல்லாது. வாயால் சொன்னால் ஆகாதா என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள்.

மற்றவர்கள் இரண்டு அங்குலம் தூக்குவார்கள். வெர்லின் தூக்கினால் முழங்கால் மாண்டலினை உரசும். அப்படிப்பட்டவர் ஒரு நாள் 'கழுதை கரையேறியது' என்ற தம் மாமாவின் மெட்டை வாசித்துக்கொண்டிருந்தபோது, பாஞ்சோக்காரர் டாயில் கிராப்ட்ரீ, வீட்டு அடுப்பில் பன்றித்தொடை கருகிவிடுமே என்ற கவலையில் தம் காலைத் தூக்கிவிட்டார். மெட்டு முடிந்தது. வெர்லின் மூன்று சனிக்கிழமைகள் டாயிலோடு பேசவில்லை. நாலாவது சனிக்கிழமை மேற்படி அறிவிப்பு வந்தது. கூடவே ஒரு துணைச்சட்டமும்: "முடிக்கத் தெரியாதவன் தொடங்கக் கூடாது." தொடங்குகிறவருக்கென்று கணப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அன்று முதல் அது வெர்லினுடையது.

இந்த வருஷம் மார்ச்சில் வெர்லினின் வலது முழங்காலை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். தினமும் உட்கார்ந்தபடி காலைத் தூக்கிப் பழகும்படி பயிற்சிக்காரப் பெண் ஒரு தாள் கொடுத்தாள். மனைவி ஓபலீன் அதை ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்.

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தூக்கற காலு. இதுக்குப் பாடம் எதுக்கு?" என்றார் வெர்லின். ஒரு வாரத்தில் அந்தத் தாளின் மேல் விதைக் கம்பெனிக் காலண்டர் ஏறிக்கொண்டது.

எட்டு வாரம் நாற்காலியைச் சூடு ஆறாமல் பார்த்துக்கொண்டவர் டாயில். மே மாதம் வெர்லின் நொண்டிக்கொண்டு உள்ளே வந்ததும் எழுந்து இடம் கொடுத்தார்.

"காலு எப்படி இருக்கு?"

"புதுசு. உன் காலைவிட நல்ல காலு."

ஓபலீன் கிடாரை எடுத்தாள். நெட்டி ஆள் உயர பாஸ் வாத்தியத்தை அணைத்துக்கொண்டு நின்றாள். பின்னறை அடுப்பில் பீன்ஸ் கொதித்தது. வெர்லின் 'கழுதை கரையேறியது' மெட்டைத் தொடங்கினார். விரல்களுக்கு ஒரு குறையும் இல்லை. பாஞ்சோ வாசித்தது, கிடார் வாசித்தது, சுற்று வெர்லினிடம் திரும்பியது. வெர்லின் காலைத் தூக்கினார்.

தூக்கியதாக நினைத்தார். பூட்ஸுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

இன்னும் கொஞ்சம் வாசிக்கலாம் என்று தாமே தீர்மானித்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டார். இரண்டாவது சுற்று. மூன்றாவது. ஒவ்வொரு முறையும் தொடை துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது, பூட்ஸ் மட்டும் பலகையில் ஆணி அடித்ததுபோல இருந்தது. அப்படியே நிறுத்தவும் முடியாது. ஓடும் மெட்டை நடுவில் விடுவது, பிள்ளைகளோடு பஸ்ஸை நடுரோட்டில் விட்டு இறங்கிப் போவதற்குச் சமம். காலால் முடியவில்லை என்று சொன்னாலோ, துணைச்சட்டம் பாயும். நாற்காலி டாயிலுக்குப் போகும். சட்டத்தை எழுதியவரே அவர்.

ஏழாவது சுற்றில் மூன்று ஜோடிக் கண்களும் அந்தப் பூட்ஸின் மேல் இருந்தன.

"என்னய்யா, ராத்திரி சாப்பாட்டு வரைக்கும் வாசிக்கப் போறியா? பீன்ஸ் அடிபிடிக்குது" என்றாள் ஓபலீன்.

"மெட்டு நல்லா ஓடுது. ஓடட்டும்."

"ஓடறது சரிதான்" என்றார் டாயில். "இந்நேரம் கழுதை கரையேறி, காஞ்சு, வீட்டுக்கே போயிருக்கும்."

தீவனம் வாங்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்றார். நெட்டியின் இரண்டு கைகளும் பாஸ் வாத்தியத்தில் மாட்டியிருந்தன.

"எப்ப முடியும் நெட்டி?"

"என்னைக் கேக்காதேப்பா. அந்தக் காலைக் கேளு."

அவர் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது பதில் சொல்லாததால், மாட்டுக்கு நக்கக் கொடுக்கும் உப்புக்கட்டி ஒன்றைத் தாமே தூக்கிக்கொண்டு போனார்.

பதினாலாவது சுற்றில் நெட்டியின் விரல் கொப்புளித்தது. டாயில் தந்தி மீட்டக் கட்டைவிரலில் மாட்டியிருந்த வளையம் கழன்று மூட்டைகளுக்கு நடுவே விழுந்தது. வெறும் விரலால் வாசித்தார். மூன்று பேருக்கும் ஆளுக்கு இரண்டு கால்கள், எல்லாம் நல்ல நிலையில், சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் தரையில் இருந்தன.

வெர்லின் ஒரு யுக்தி செய்தார். இடது பூட்ஸை வலது பூட்ஸின் அடியில் நுழைத்து நெம்பப் பார்த்தார். தரையில் சிந்திக் கிடந்த சோளத்தில் இரண்டும் சேர்ந்து வழுக்கின. ஓபலீன் அதைப் பார்த்துவிட்டாள். காலண்டருக்குப் பின்னால் இருந்த தாள் அவள் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. வெர்லினுக்கு முழங்காலைவிட அது அதிகமாக வலித்தது.

பின்னறையிலிருந்து கருகல் வாசனை வந்தது. பத்தொன்பதாவது சுற்றில் வெர்லின் மாண்டலினோடு ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

"டாயிலு."

"சொல்லு."

"உன் காலு சும்மாதானே இருக்கு?"

"நடுவில எட்டு வாரம் போக, பதினோரு வருஷமா சும்மாதான் இருக்கு."

நாலு அடி தாளம் போனது. வெர்லின் கணப்பைப் பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னார்.

"தூக்கு."

டாயில் இரண்டே அங்குலம் தூக்கினார். ஏதோ எறும்புக்கு வழிவிடுவதுபோல. கடைசிச் சுற்று நாலு வாத்தியத்திலும் ஒன்றாக ஓடி, ஒரே அடியில், பிசிறில்லாமல் நின்றது.

வெர்லினின் பூட்ஸ் தரையிலேயே இருந்தது.