பின்னோக்கிப் போன ஊர்வலம்

லெபனானில் குண்டு விழத் தொடங்கிய கிழமை, பக்கத்து வீட்டு அக்கா என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவருடைய தங்கை பெய்ரூட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போய் ஏழு வருடம். கடவுச்சீட்டு எசமானியின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. அந்தக் கிழமை கேட்கும்போதெல்லாம், "போர் முடியட்டும், பிறகு பார்ப்பம்" என்று அந்த எசமானி சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"வெள்ளிக்கிழமை டவுனில போருக்கு எதிரா ஊர்வலமாம். இதால போர் நிக்குமோ, தம்பி? நீங்கள் பேப்பர்காரர், உங்களுக்குத் தெரியும்தானே."

நிற்காது என்றேன். திருகோணமலையில் கத்தியது கொழும்புக்குக் கேட்டதற்கே என்னிடம் ஆதாரம் கிடையாது.

"அப்ப நீங்கள் என்னத்துக்குப் போறியள்?"

"எழுத."

"நாங்கள் நடக்க வாறம். அவளுக்காக வேற ஒண்டும் செய்ய ஏலாது."

நாங்கள் என்றால், அவருடைய கணவரின் கரைவலைக் கூட்டம். உப்புவெளிக் கடற்கரையில் பக்கத்துக்குப் பதினொரு பேராகக் கயிறு பிடித்து வலையைக் கரைக்கு இழுப்பவர்கள். கடலைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்துதான் இழுப்பார்கள். அவர்களுடைய வேலையில் பாதி அந்த நடைதான்.

பதாகையும் அவர்கள் பொறுப்பு. பதினைந்து முழ வெள்ளைத் துணி, 'போரை நிறுத்து' என்று சிவப்பு எழுத்து. தடியில் கட்டினால் முறியும் என்று மேலும் கீழும் வலைக்கயிற்றை வைத்துத் தைத்து, இரண்டு பக்கமும் கயிற்றை நீளமாக விட்டிருந்தார்கள். உறுதியான தையல்.

பஸ் நிலையத்திலிருந்து ஊர்வலம் ஒழுங்காகத்தான் புறப்பட்டது. முன்னால் பதாகை, அதன் பின்னே கயிறுகளைப் பிடித்தபடி இரண்டு வரிசையில் கரைவலைக்காரர், அவர்களுக்குப் பின்னே மற்றவர்கள். கடற்கரை வீதிப் பக்கம் திரும்பியதும் முதுகுப் பக்கமிருந்து கச்சான் என்ற தரைக்காற்று ஒரு அடி அடித்தது. துணி கடலை நோக்கிப் புடைத்தது. முன்னால் கடல், கையில் கயிறு, கயிற்று நுனியில் பாரம். இருபத்திரண்டு பேரும் ஒன்றாகக் குதிகாலை ஊன்றிப் பின்னோக்கி இழுக்கத் தொடங்கினார்கள்.

ஒலிபெருக்கி வைத்திருந்த வாத்தியார் "போரை" என்றார். "நிறுத்து" என்று வரவேண்டிய இடத்தில் "ஏலேலோ" வந்தது.

பின்னால் வந்தவர்கள் இதுவும் ஏற்பாடு என்று நினைத்துத் தாங்களும் பின்னே நடந்தார்கள். அறுபத்துநான்கு காலடி. எண்ணிக் குறித்துக்கொண்டேன். போக்குவரத்துப் பொலிஸ்காரர் கையை எந்தப் பக்கம் காட்டுவதென்று தெரியாமல் நின்றார்.

"இது போறதா, வாறதா?"

"கொஞ்சம் பொறுங்கோ சேர், மடி வரட்டும்" என்றார் கயிற்றிலிருந்த ஒருவர். வலையில் மீன் சேரும் பை அது.

அக்கா கணவருக்குப் பக்கத்தில் ஓடினார். "இஞ்சாருங்கோ, கயித்தை விடுங்கோ. அது வலையில்லை, துணி."

"இப்ப விட்டால் கடலுக்குப் போயிடும்" என்றார் அவர், இழுத்துக்கொண்டே.

காற்று தணிந்த பிறகுதான் ஊர்வலம் முன்னே போனது.

நான் எழுதியதில் நாலு வரி பத்திரிகையில் வந்தது. 'பின்னோக்கி' என்ற சொல்லை ஆசிரியபீடம் வெட்டியிருந்தது. ஆனால் யாரோ எடுத்த காணொளி ஃபோன் ஃபோனாகப் போனது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பெய்ரூட்டிலும் இருந்தது.

தங்கை அதைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். சிரிப்புச் சத்தம் கேட்டு எசமானி வந்து எட்டிப் பார்த்தாராம். இது எந்த ஊர், இவர்கள் யார், என்னத்தை இழுக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாராம். தங்கை அரபியில் சொல்லியிருக்கிறாள்: "என்ட அத்தான் ஆக்கள். இஞ்ச நடக்கிற போரை நிப்பாட்டச் சொல்லி ஊர்வலம் போகினம்." எசமானி இன்னொரு முறை போடச் சொன்னாராம். பிறகு இன்னொரு முறை. கடைசியில் அவரும் சிரித்தாராம். குண்டு விழத் தொடங்கிய பிறகு அந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லையாம்.

நாலு நாள் கழித்துக் கடவுச்சீட்டு குசினி மேசையில் இருந்தது.

"இப்ப என்ன சொல்லுறியள், பேப்பர்காரர்?" என்று அக்கா கேட்டார்.

போர் நிற்கவில்லை என்றேன். ஒன்றுக்குப் பிறகு இன்னொன்று நடந்தால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று எழுத ஏலாது என்றும் சொன்னேன்.

"எழுதாதேங்கோ. டிக்கட் போட்டாச்சு, எயார்போட்டுக்கு வான் பிடிக்க வேணும். நீங்களும் வாங்கோ."

தங்கை வந்து சேர்ந்தாள். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து திரும்பும் வழியில், வானுக்குள்ளேயே அவளிடம் கேட்டேன்: எசமானி ஏன் கொடுத்தார், காணொளியாலா, பயத்தாலா?

"தெரியாதண்ணை. அவ சொல்லேல்லை, நான் கேக்கேல்லை."

பிறகு, அடுத்த ஊர்வலம் எப்போது என்று முன்சீட்டிலிருந்த அத்தானிடம் கேட்டாள்.

"உனக்கென்ன இனி? நீதான் வந்திட்டியே" என்றார் அவர்.

"அவ இன்னும் அங்கதானே இருக்கிறா" என்றாள்.