லாரி நின்றால்தான் தராசு நிற்கும்

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் ஓர் எடைமேடையில் எனக்கு வேலை. லாரி வந்து ஏறும், எண் ஓடி நிற்கும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். முப்பது டன், நாற்பது டன் என்று பகலெல்லாம் பார்த்த கண்ணால், வீட்டுக்கு வந்து அரை கிராம் ஈயக் குண்டை எடை போடுவேன். இதைச் சொன்னால் டிரைவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இரண்டு எடையையும் ஒரே நாளில் போடுகிற இன்னொரு பொம்பளையை இந்த ஊரில் காட்டுங்கள், என் ரைஃபிளையே கொடுத்துவிடுகிறேன்.

ரைஃபிள் என்றால் ஏர் ரைஃபிள். காற்றழுத்தத்தில் சுடுவது, பத்து மீட்டர் தூரம், போட்டிக்கானது. காலேஜில் என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்த கை, கல்யாணம், வேலை என்று பதினைந்து வருடம் சும்மா கிடந்தது. முப்பத்தாறு வயதில் ஒரு கிளப்பில் சேர்ந்தேன். முதல் நாளே ஓர் அம்மா, தென்சென்னைக்காரர், "ராயபுரமா? அங்கே இருந்தா ரைஃபிளுக்கு வர்றீங்க?" என்று கேட்டார். "ஏன், ராயபுரத்துல கண்ணு இல்லியா, கை இல்லியா?" என்றேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார்.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். ரைஃபிளுக்கும் குண்டுக்கும் ஒரே பொருத்தம்தான், அட்டையில் விழும் துளை. குண்டின் தலை தட்டையாக இருக்கும், இடுப்பு ஒடுங்கும், கீழே பாவாடை மாதிரி விரியும். தலையின் அளவு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு மாறினாலும் சில குழல்களுக்குப் பிடிக்காது. ரைஃபிளை இடுக்கியில் அசையாமல் பூட்டி, ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்த்தேன். ஏழு டப்பா பார்த்ததில் ஒன்றே ஒன்று ஐந்து குண்டையும் ஒரே துளையில் போட்டது. அதே தயாரிப்பு எண் போட்ட டப்பா கடையில் இன்னும் ஒன்றுதான் இருந்தது. அதையும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்தது எடை. ஒரே டப்பாவிலும் குண்டுகள் ஒன்றுபோல இருப்பதில்லை. எல்லாவற்றையும் மில்லிகிராம் தராசில் போட்டு, ஒத்த எடை உள்ளதைப் பிரிக்க வேண்டும். "இதெல்லாம் வெட்டி வேலை" என்று கிளப்பில் பாதிப் பேர் சொல்வார்கள். எடைமேடைக்காரியிடம் எடை வேண்டாம் என்று சொன்னால் நடக்குமா?

ஆனால் எங்கள் வீடு துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது. கன்டெய்னர் லாரி ஒன்று கடந்தால் பாத்திரங்கள் பேசும், தராசில் எண் குதிக்கும். துறைமுக வாசலில் வரிசை தேங்கி லாரிகள் வழியெல்லாம் அப்படியே நின்றுவிட்டால் மட்டும் வீடு அசையாது. தெருவே ஜாமைத் திட்டும் நேரத்தில் என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து சந்தோஷமாகக் கத்துவார். "ஜாம் ஆய்ட்ச்சி மே! தராச எடு!" நான் ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருவேன். வடசென்னையில் லாரி ஜாமுக்கு நன்றி சொன்ன ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அவருக்கென்று ஒரு பெருமை உண்டு, கிறிஸ்துமஸ் ஒயின். பன்னீர் திராட்சை, சர்க்கரை, கோதுமை, பட்டை, கிராம்பு எல்லாம் பீங்கான் ஜாடியில் போட்டு, மரக்கரண்டியால் தினமும் கிண்டி, தேக்கு அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவார். சர்ச்சுக்கு வரும் சொந்தக்காரர்கள் பூசை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வருவது என் கேக்குக்காக அல்ல.

ஜனவரியில் தேர்வுப் போட்டி. முதல் மூன்று பேருக்குத்தான் அணியில் இடம். நவம்பரிலேயே இருநூறு குண்டுகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றோடொன்று மோதாமல் பஞ்சுத் தட்டில் வரிசையாக அடுக்கி, மேலே மெல்லிய துணி போட்டேன். எங்கே வைப்பது? எங்கள் வீட்டில் உப்புக் காற்று நுழையாத ஒரே இடம் அந்தத் தேக்கு அலமாரிதான். ஜாடிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அவர்கூட, "அங்கயா மே வக்கிற?" என்றார். "உன் ஜாடிய யாரும் குடிச்சிட மாட்டாங்க, போய்யா" என்றேன்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது துணியை எடுத்தேன். இருநூறு குண்டும் வெள்ளை வெளேரென்று மாவில் புரட்டினாற்போல் கிடந்தன. ஒயின் பொங்கும்போது அதன் புளித்த ஆவி மூடிய அலமாரிக்குள் சுற்றிச் சுற்றி ஈயத்தை அரித்திருக்கிறது. இரும்பைத் துரு தின்னும் என்று சாத்தாங்காட்டில் தினம் பார்க்கிற எனக்கு, ஈயத்தைத் திராட்சை தின்னும் என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் ஜாடியில் மிச்சமிருந்த ஒயினைத் தூக்கிக்கொண்டு சாக்கடையில் கொட்டக் கிளம்பினார். "அதுல கை வெச்ச, அவ்ளோதான்! வச்சது நானு" என்று கத்தினேன்.

கடையில் கேட்டால், அதே தயாரிப்பு இனி வராது என்றார்கள். எடை போடாமல் டப்பாவில் மூடி வைத்திருந்த மிச்சம் சுத்தமாக இருந்தது, நூற்றைம்பது சொச்சம். மூன்று ஜாமில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். அறுபத்தாறு தேறின. போட்டிக்கு அறுபது.

அந்த வாரம் நான் வேலைக்குப் போன ஒரு பகலில் லாரிகள் நின்றிருக்கின்றன. அவருக்கு அன்று ஷிப்ட் இல்லை. வெளுத்த குண்டுகளைப் பழைய பனியன் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, அதுவரை தொட்டே பார்க்காத என் தராசில் எடை போட்டிருக்கிறார். நான் வந்ததும் ஜெபமாலை வைக்கும் சின்ன டப்பாவை நீட்டினார்.

"நாலு தேறிச்சி மே. உன் எடைக்கே கரெக்டா கீது."

"தொடச்ச குண்டெல்லாம் ஒரு குண்டாய்யா?" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து, டப்பாவை வாங்கிப் பைக்குள் போட்டேன். சுடுவதற்கு அல்ல.

போட்டியன்று, கணக்கில் சேராமல் சுட்டுப் பார்த்துக்கொள்ள முதலில் நேரம் தந்தார்கள். பக்கத்தில் அந்தத் தென்சென்னை அம்மா இருபது, முப்பது என்று சுட்டுத் தள்ளினார். நான் ஆறு சுட்டேன். ஒன்றை மிச்சம் வைத்திருக்கலாம். ஆறும் நடுவட்டத்தில், பத்தில் விழுந்த திமிரில் வைக்கவில்லை. பிறகு போட்டி தொடங்கி, நாற்பத்தோராவது குண்டைக் குழலில் வைக்கும்போது விரல் வியர்த்து வழுக்கியது. குண்டு சிமெண்டுத் தரையில் விழுந்து பாவாடை நசுங்கியது.

மீதி பத்தொன்பது, சுட வேண்டியது இருபது. ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கு என் தலைக்குள் ஓடியது. ஐம்பத்தொன்பது முடிந்தபோது ஸ்கோர் பலகையில் நான் மூன்றாவது. நான்காவது ஆள் என் முதுகிலேயே இருந்தார். பையில் வேறு அளவுக் குண்டுகள் இருந்தன, ஆனால் என் குழலில் அவை எங்கே போகும் என்று எனக்கே தெரியும். ஜெபமாலை டப்பாவைத் திறந்தேன். நான்கு குண்டும் மங்கலான சாம்பல் நிறத்தில் இருந்தன, அடியில் காலண்டரில் கிழித்த தாளில் அவர் கையெழுத்தில் எடை எழுதியிருந்தது. என் எடைதான், கடைசி எண் வரை. கிரேன் லீவர் பிடித்துக் காய்ப்பேறிய அந்த விரல்கள் இதை எப்படிப் பிடித்தன என்று நினைத்தேன். கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு சுடக்கூடாது. ரைஃபிளை இறக்கி, துடைத்துக்கொண்டு, மறுபடி ஏற்றினேன்.

பத்து புள்ளி மூன்று. பலகையில் என் பெயர் மூன்றாவது இடத்திலேயே நின்றது, வெறும் புள்ளி இரண்டு வித்தியாசத்தில்.

வீடு திரும்பும்போது டோல்கேட்டிலிருந்தே ரோடு அடைத்துக்கொண்டிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, ரைஃபிள் பெட்டியோடு லாரிகளுக்கு நடுவே நடந்தே வந்தேன். வாசலில் நின்றிருந்தவர் என் முகத்தைப் பார்க்கப் பயந்து சாலையைப் பார்த்தார்.

"ஜாம் ஆய்கீது மே" என்றார். "தராச எட்த்தாரட்டா?"

"யோவ், கடைசிக் குண்டு உன்துய்யா" என்றேன்.

"எவ்ளோ?"

"பத்து புள்ளி மூணு."

அவர் சாலையில் இறங்கினார். வாசலில் நின்றுகொண்டிருந்த டிரெய்லரின் கதவைத் தட்டி, முன்பின் தெரியாத டிரைவரிடம், "அண்ணே, பத்து புள்ளி மூணு! நான் எட போட்ட குண்டு!" என்றார். டிரைவர் எதுவும் புரியாமல் தலையாட்டினார். அவர் அடுத்த லாரிக்குப் போனார். எனக்கு அணியில் இடம் கிடைத்ததா என்று அவர் கேட்கவே இல்லை. நானும் அவசரப்படவில்லை, வீட்டுக்கு எதிரே நின்ற நான்கு லாரிகளுக்கும் அவர் சொல்லி முடிக்கும்வரை பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றிருந்தேன்.