காஹாங் பள்ளியில் மணி அடிக்காத பந்தி

சென்ற ஐப்பசி மாதத்துக் கடைசி வாரம், ஒரு புதன்கிழமை மதியம், தெப்ராவிலிருந்து புறப்பட்டு, குளுவாங் வழியாகக் காஹாங் போய் வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் வீட்டுக்காரருக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது, அவர் நல்லபடியாக எழுந்து நடந்தால் நூறு பேருக்கு அன்னதானம் போடுகிறேன் என்று பிள்ளையாரிடம் வேண்டியிருந்தேன். எழுந்து நடந்துவிட்டார். இப்போது நான் நடப்பது போதாது என்று என்னைத்தான் விரட்டிக்கொண்டிருக்கிறார். கோயிலில் நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயம் மல்லிகா போன் செய்தாள்.

மல்லிகா என் நாத்தனார். காஹாங்கைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியில் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறாள். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம்.

“அண்ணி, இங்க ஒரு பிள்ள சாப்புட மாட்டேங்குது. நாலாம் ஆண்டு, பேரு லோஷினி. அரசாங்கத் திட்டத்துல அவளுக்கு இலவசச் சாப்பாடு உண்டு. ஆனா தட்டு அப்படியே கெடக்குது. போன வாரம் அசெம்பிளியில மயக்கம் போட்டு விழுந்துட்டா.”

“வயித்துல ஏதாச்சும் கோளாறா?”

“கிளினிக்ல ஒண்ணும் இல்லனுட்டாங்க. மாசக் கடைசி வரைக்கும் பாத்துட்டு, அவ இடத்த வேற பிள்ளைக்குக் கொடுக்கணும்னு டீச்சர் சொல்றாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது லா. பின்னால காத்துக்கிட்டு இருக்கற பிள்ளைக்கும் பசிதானே?”

அந்தப் பள்ளியில் பிள்ளைகள், ஆசிரியர்கள், தோட்டக்காரர் எல்லாரையும் சேர்த்தால் ஏறக்குறைய நூறு பேர். போனை வைத்துவிட்டுப் பூஜையறைப் பக்கம் பார்த்தேன். அன்னதானம் எங்கே என்பது முடிவாகிவிட்டது.

தெப்ராவிலிருந்து லார்கின் பேருந்து நிலையத்துக்கு வாடகைக் கார் பதினான்கு ரிங்கிட், எங்கள் பேச்சில் வெள்ளி. அங்கிருந்து குளுவாங்குக்குப் பேருந்து பதின்மூன்று வெள்ளி, இரண்டு மணிக்குப் புறப்பட்டது. ரயிலிலும் போகலாம். பருப்பும் கடலையும் அடைத்த இரண்டு பைகளோடு என்னால் படியேறி இறங்க முடியாது என்பதால் பேருந்தைப் பிடித்தேன். வலது பக்க ஜன்னலோரம் கேட்டு வாங்குங்கள், மதிய வெயில் முகத்தில் அடிக்காது. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் தண்ணீர் வழிய, வெளியே பச்சை நிறம் மட்டும் மிச்சமிருந்தது. நான் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. நான்கு மணிக்குக் குளுவாங்கில் இறங்கியபோது, லம்பாக் மலை இடுப்புவரை மேகத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது.

ஒரு காப்பி, இரண்டு வெள்ளி ஐம்பது காசு. அதற்குள் மல்லிகா ஏற்பாடு செய்திருந்த கார் வந்துவிட்டது. ஓட்டி வந்த முனியாண்டி அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். பள்ளிவரை நாற்பது கிலோமீட்டர், அறுபது வெள்ளி. பேரம் பேசலாம் என்று வாயெடுத்தேன், அவர் என் பைகளைத் தூக்கிய விதத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

ஊரைத் தாண்டியதும் செம்பனை தொடங்குகிறது. வரிசை வரிசையாக நடப்பட்ட மரங்கள். கார் போகப் போக, ஒவ்வொரு வரிசையும் ஒரு கதவுபோல் திறந்து, உள்ளே நீளமான இருட்டைக் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். மழை நின்று தரையிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. சாலையோரம் யானைப் படம் போட்ட மஞ்சள் பலகை ஒன்று வந்தது.

“அண்ணே, அந்த போர்டு நெசமா?”

“நெசந்தான் தங்கச்சி. போன மாசம் ஒருத்தரு நடுரோட்ல நின்னாரு. நான் எஞ்சின ஆஃப் பண்ணிட்டுக் கையெடுத்துக் கும்புட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, அவரு போனாத்தானே நான் போறது? பின்னால ஒரு லோரிக்காரன் ஹாரன் அடிக்கப் பாத்தான். டேய், நீ அடிச்சா நான் எறங்கி ஓடிருவேன், உன்னத்தான் மிதிப்பாருன்னேன். கப்சிப்னு உக்காந்துட்டான்.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவிலும் யானையார் நிற்பாரா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். நிற்கவில்லை.

அன்றிரவு மல்லிகா வீட்டில் தங்கினேன். விடியற்காலையில் பள்ளிக்குப் போனபோது மூடுபனி திடலில் இறங்கியிருந்தது. கொடிக்கம்பத்தின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அடுப்பைப் பற்றவைத்ததும் எங்கள் உலை ஆவியும் அந்தப் பனியோடு போய்ச் சேர்ந்துகொண்டது. சாதம், பருப்பு, கீரைக் கூட்டு, கொண்டைக்கடலைப் பிரட்டல், தயிர், பப்பாளி. வேண்டுதல் என்பதால் முட்டை இல்லை. வளரும் பிள்ளைகளுக்கு அதை ஈடுகட்ட வேண்டும் என்று கடலையை இரண்டு பங்காக ஊறவைத்திருந்தேன். பாயசம் வைக்கலாமா என்று கேட்டதற்கு மல்லிகா கரண்டியை ஓங்கினாள். “சீனியக் குறைங்கன்னு நான் இங்க தெனமும் கத்திக்கிட்டு இருக்கேன், நீங்க வேற!”

அந்தப் பள்ளியில் சாப்பாட்டுக்கு இரண்டு விதமான மணி அடிப்பார்கள். ஓய்வு நேரத்துக்கு மின்சார மணி. அதற்குப் பத்து நிமிடம் முன்னால், இலவச உணவுப் பிள்ளைகளை அழைக்க ஒரு சின்னப் பித்தளைக் கைமணி. மண்டபத்தில் பாய் விரித்து வாழையிலை போட்டு முடித்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எங்கள் கோயிலில் முதல் பந்தி என்றால் மரியாதை. உபயகாரர், சம்பந்தி வீட்டார், வெளியூரிலிருந்து வந்தவர் என்று பார்த்துப் பார்த்து உட்கார வைப்போம். முதல் பந்தியில் இடம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு.

“மல்லிகா, திட்டத்துப் பிள்ளைங்கள மொதப் பந்தியில வைப்போம். இன்னைக்கு அவங்கதான் நமக்கு விருந்தாளிங்க.”

அவள் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். “சரி அண்ணி, நீங்களே அடிங்க” என்றாள். நானே அந்தக் கைமணியை எடுத்து, ஆரத்திக்கு அடிப்பதுபோல் மனம் நிறைந்து அடித்தேன்.

பிள்ளைகள் வந்தார்கள். தலையைக் குனிந்தபடி, சுவர் ஓரமாக வந்தார்கள். வகுப்பறை ஜன்னல்களில் மற்ற பிள்ளைகளின் முகங்கள் தெரிந்தன. ஒவ்வொரு இலைக்குப் பின்னாலும் ஒரு பிள்ளை உட்கார்ந்த பிறகு, ஓர் இலை மட்டும் ஆளில்லாமல் இருந்தது. மல்லிகா என் முகத்தைப் பார்த்தாள். “லோஷினி” என்றாள்.

கரண்டியை அவளிடம் கொடுத்துவிட்டுத் தேடிப்போனேன். கை கழுவும் குழாய்களுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான பிள்ளை, இரட்டைச் சடை, வெளுத்துப்போன பாவாடை. அருகே ஈரச் சிமெண்டில் நானும் உட்கார்ந்தேன்.

“இலை போட்டாச்சும்மா. பசிக்கலயா?”

“பசிக்குது.”

“அப்புறம்?”

“அந்த பெல்லுக்கு நான் போவ மாட்டேன் ஆண்ட்டி.”

“ஏன், மொதல்ல சாப்புடறது நல்லதுதானே?”

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “மொதல்ல கூப்புட்டா யாரு வீட்ல காசு இல்லனு எல்லாருக்கும் தெரியும்லா. ‘டிங் டிங் வந்துருச்சு, ஓடு’ங்கறாங்க. எங்கப்பா வேலைக்குத்தான் போறாரு. சும்மா இல்ல.”

எனக்குக் கை கூசியது. மணி அடித்த கை. மரியாதை என்று நான் நினைத்தது, இங்கே தினமும் பத்து நிமிடம் இந்தப் பிள்ளைகளை எல்லார் கண்ணிலும் நிறுத்தி வைத்திருக்கிறது. அதை இன்று நான் கூடுதல் சத்தத்தோடு செய்திருக்கிறேன். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பனி இன்னும் முழுதாகக் கலையவில்லை. மண்டபத்துச் சத்தம் எங்கோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்பதுபோல் இருந்தது.

அவள்தான் கேட்டாள். “நீங்க எப்போ சாப்புடுவீங்க?”

“எல்லாரும் சாப்புட்ட பிறகு. பரிமாறுறவங்களுக்குக் கடைசிப் பந்தி.”

“அது எந்த பெல்?”

“அதுக்கு பெல் இல்லம்மா.”

எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். “அப்போ நான் அதுல வரேன். என்ன தூக்கணும்?”

கீரை வாளியைக் கொடுத்தேன். அதற்குள் மின்சார மணி அடித்து, பள்ளி முழுவதும் மண்டபத்துக்குள் வந்துவிட்டிருந்தது. ஒரு பையன் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு, “ஓய், எனக்குக் கீரை வேணாம்” என்றான். “கைய எடு. அப்புறம் ரத்தம் இல்லாம என்னைய மாதிரி விழுவ” என்று சொல்லி இரண்டு கரண்டி வைத்தாள் லோஷினி. அந்த வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அதைப் பார்த்து வேறு மூன்று பிள்ளைகள், இலவசமோ இல்லையோ எனக்குத் தெரியாது, “ஆண்ட்டி, நாங்களும் தூக்கறோம்” என்று வந்து நின்றார்கள்.

கடைசிப் பந்தியில் மல்லிகா, நான், அந்த நான்கு பிள்ளைகள், தோட்டக்காரர். தலைமையாசிரியையும் வந்து லோஷினியின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. லோஷினி சாதம் மூன்று முறை வாங்கினாள். கடலையைத் தனியாக ஒதுக்கிவைத்து, கடைசியில் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டாள். முடித்ததும் என் இலையை நான் எப்படி மடிக்கிறேன் என்று ஓரக்கண்ணால் பார்த்து, அதேபோல் தன் பக்கமாக மடித்தாள். என் வேண்டுதல் அப்போதுதான் நிறைவேறியது.

பிள்ளைகள் போன பிறகு, குழாயடியில் நடந்ததைத் தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவர் அந்தப் பித்தளை மணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “திட்டத்துப் பிள்ளைங்க கூட்டத்துல நசுங்கக் கூடாதுன்னுதான் அந்த மணி அடிக்கச் சொன்னேன். நல்லதுன்னு நெனச்சு...”

“நானும் அப்படித்தான் டீச்சர் அடிச்சேன்.”

“எல்லாரும் ஒண்ணா வந்தா, யாரு காசு கொடுக்கறது, யாரு இல்லனு எப்படிப் பிரிக்கறது?”

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மல்லிகா திரும்பாமலே சொன்னாள். “இருக்கற பிள்ளைங்க மொகம் பூரா எனக்குத் தெரியும். தட்டு ஒரே தட்டு, சாப்பாடு ஒரே சாப்பாடு. காசு வாங்கறத காலையிலயே வாங்கிக்கறேன். மணி எதுக்கு டீச்சர்?”

அந்த வாரமே மாற்றிவிட்டார்கள். இப்போது எல்லாருக்கும் ஒரே மணி. மேல்வகுப்புப் பிள்ளைகள் முறை வைத்துப் பரிமாறி, கடைசியில் மல்லிகாவோடு சாப்பிடுகிறார்கள். மாதக் கடைசியில் லோஷினியின் இடம் லோஷினிக்கே இருந்தது. காத்திருக்கும் அந்த இன்னொரு பிள்ளை இன்னும் காத்திருக்கிறது. அதற்கு மல்லிகா தன் கையிலிருந்து போடுகிறாள். அது எத்தனை நாளைக்கு முடியும் என்று எனக்குத் தெரியாது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேசுவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார்.

இதுபோல் ஏதாவது ஒரு பள்ளிக்கு உணவு கொடுக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் சிற்றுண்டிச்சாலைக்காரரிடம் பேசுங்கள், என்ன தேவை என்பது அவருக்குத் தெரியும். இனிப்பைக் குறைத்து, பருப்பையும் கீரையையும் கூட்டுங்கள். படம் பிடிக்காதீர்கள், பதாகை கட்டாதீர்கள். யார் ஏழை என்று கேட்காதீர்கள், பள்ளி முழுவதற்கும் சமையுங்கள். முடியாவிட்டால் இன்னும் கொஞ்சம் சேர்த்துவைத்துப் பிறகு போங்கள். போக வர வண்டிச் செலவு எனக்கு நூற்றெழுபத்து நான்கு வெள்ளி ஆனது. மழைமாதத்தில் குடையும் ரப்பர் செருப்பும் வேண்டும். குளுவாங்கிலிருந்து திரும்பும் பேருந்துக்கு மாலைக்குள் வந்துவிடுங்கள். முடிந்தால் பரிமாறிவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்காருங்கள்.

திரும்பும் வழியிலும் யானை வரவில்லை. ஓரிடத்தில் முனியாண்டி அண்ணன் வேகத்தைக் குறைத்து, சாலையோரச் சேற்றைக் காட்டினார். தாம்பாளம் அளவுக்குக் காலடிகள், மழைத்தண்ணீர் நிரம்பி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வானம் கிடந்தது. காரை நிறுத்தச் சொல்லிக் கும்பிட்டேன்.

மடியில் அந்தப் பித்தளை மணி இருந்தது. புறப்படும்போது தலைமையாசிரியை கொடுத்தார். தன் சொந்தக் காசில் வாங்கியது, பள்ளிச் சொத்து இல்லை என்று கணக்கும் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். அது இப்போது எங்கள் வீட்டுப் பூஜையறையில் இருக்கிறது. தினமும் காலையில் அதை அடித்துப் பிள்ளையாரைத்தான் முதலில் கூப்பிடுகிறேன். முதலில் கூப்பிட்டால் கூச்சப்படாதவர் அவர் ஒருவர்தான்.