டார்லின் அக்காவின் தகடு வைத்த ஷூ

டார்லின் அக்கா எங்கள் கடைக்கு முதன்முதலில் வந்த அன்று, மஞ்சள் பையிலிருந்து ஒரு ஜோடி பழைய ஷூவை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். முன்பாதம் படும் இடத்தில் ரப்பர் தேய்ந்துபோய் உள்ளே இருந்த வெள்ளை நுரை தெரிந்தது.

"இதைப் போட்டு இனிமே வேகமா ஓட முடியாது தம்பி. தகடு வச்ச ஷூ வந்திருக்காமே, அதைக் காட்டுங்க" என்றார்.

வண்ணார்பேட்டையில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடை அது. நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ராதாபுரத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். இயற்பியல், முதல் வகுப்பு. எங்கே எதை எழுதினாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். முதலாளி பரமசிவன் அண்ணாச்சி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏலே பட்டதாரி, அந்த அட்டைப்பெட்டிய எடு" என்பார்.

அக்காவுக்கு அப்போது இருபத்தேழு வயது. பாளையங்கோட்டையில் வீடு. அப்பா பாக்கியசீலன், மிஷன் பள்ளியில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கும் தற்காலிக வேலை. அவர் கண் வைத்திருந்தது விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் ஓர் அரசு வேலைக்கு. அதற்குப் பத்தாயிரம் மீட்டரை முப்பத்தொன்பது நிமிடத்துக்குள் ஓடிய சான்றிதழ் வேண்டும். அக்காவின் சிறந்த நேரம் முப்பத்தொன்பது நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி. ஜனவரிக் கடைசியில் திருச்சியில் நடக்கும் போட்டிதான் கடைசி வாய்ப்பு. அதன் பிறகு வயது வரம்பு தாண்டிவிடும். அவர் கடைக்கு வந்தது டிசம்பர் முதல் வாரம்.

"போட்டியில அதைப் போட விடமாட்டாங்க, அடி தடிமனா இருக்கும்லா. எனக்கு வேண்டியது பயிற்சிக்கு" என்று அவரே விளக்கினார். வாரத்தில் இரண்டு நாள் தார்ச்சாலையில் வேகமாக ஓட வேண்டும். பழைய ஷூவில் ஒரு நாள் ஓடினால் கெண்டைக்கால் மூன்று நாள் வலிக்கிறது, இரண்டாவது ஓட்டமே நடப்பதில்லை. தகடு இருந்தால் கெண்டைக்காலுக்குப் பாரம் குறையும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

கடையில் இரண்டு வகை இருந்தது. ஒன்றில் அடிப்பகுதிக்குள் கார்பன் தகடு. உயரமான, மெத்தென்ற நுரை, குறுகிய குதிகால், கையில் எடுத்தால் இலவம்பஞ்சு போல இருக்கும். மற்றதில் நைலான் தகடு. கொஞ்சம் வளையும், அடி அகலம், எடையும் கூட. அக்கா இரண்டையும் மாட்டிக்கொண்டு கடைக்கு வெளியே சாலையோரம் முன்னும் பின்னும் ஓடிப் பார்த்தார்.

"ஏம்மா, பஸ்ஸு வருதும்மா. ஷூவ வாங்கிட்டு ஓடு, வாங்குததுக்கு முன்னாலயே போயிராத" என்றார் அண்ணாச்சி.

அக்கா மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். "கார்பன் நல்லாத் தூக்கி விடுது. ஆனா திரும்புத எடத்துல குதிகால் ஆடுது. நான் ஓடுதது கால்வாய்க் கரை ரோடு, ஓரமெல்லாம் பிஞ்சு கிடக்கும். இந்த நைலான்காரன் கனமா இருந்தாலும் சொன்ன பேச்சக் கேக்கான்."

அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும். நெம்புகோல், விறைப்பு, திரும்பக் கிடைக்கும் ஆற்றல் என்று கல்லூரியில் படித்ததை எல்லாம் எடுத்து விட்டேன். தகடு எவ்வளவு விறைப்போ அவ்வளவு லாபம் என்றேன். ஐம்பத்தெட்டு விநாடி குறைப்பதென்றால் சும்மாவா என்றும் கேட்டேன்.

"படிச்சவங்க சொல்லுதீங்க, சரியாத்தான் இருக்கும்" என்று அக்கா கார்பன் ஷூவை வாங்கிக்கொண்டு போனார்.

பன்னிரண்டு நாள் கழித்து நொண்டிக்கொண்டு வந்தார். இடது கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. "இடது கால் ஒரு மாதிரி ஓடுது, வலது ஒரு மாதிரி ஓடுது தம்பி. ஏன்னே தெரியல."

ஷூ இரண்டையும் வாங்கி மடக்கிப் பார்த்தேன். வலது அசையவில்லை. இடது முன்பாதத்தில் நமுத்த அப்பளம் போல மடிந்தது. உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். தகடு முறிந்திருந்தது.

"கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிருவோம். அவன் வேற தருவான்" என்றார் அண்ணாச்சி.

ஷூவை முகத்தருகே கொண்டுபோனவர் மூக்கைச் சுளித்தார். "என்னம்மா இது, விளக்கெண்ணெ வாசம் அடிக்கு?"

அக்கா ஷூவை வாங்கி முகர்ந்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து போனை எடுத்தார். சாலைச் சத்தத்தில் காதில் விழாது என்று ஸ்பீக்கரில் போட்டார். பேச்சு முழுவதும் எங்களுக்குக் கேட்டது.

"எப்பா, என் புது ஷூவ ஏதும் செஞ்சீங்களா?"

"செய்யாம பின்ன? வாங்குன மறுநாளே விளக்கெண்ணெ தடவி மொட்டமாடி வெயில்ல வச்சேன். புதுசு கடிக்கும்லா? அது என்னட்டி ஷூ, பலகை மாதிரி இருக்கு. முழங்கால்ல வச்சு மடக்கி மடக்கி எடுத்தேன். இடதுல டக்குன்னு ஒரு சத்தம் வந்திச்சு பாரு, அதோட இளகிட்டு. வலதுதான் பிடிவாதம் பிடிக்கு. அதையும் ஒரு நா பாத்துருவோம்."

அக்கா இடது ஷூவை மெல்ல மேஜைமேல் வைத்தார்.

"ஏட்டி, இப்பக் கடிக்கலல்லா?"

"கடிக்கலப்பா" என்றார் அக்கா. "நல்லா இருக்கு. வலதுல கை வைக்காதீங்க, அது அப்படியே இருக்கட்டும்." போனை அணைத்துவிட்டு அண்ணாச்சியைப் பார்த்தார். "கம்பெனி மேல தப்பு இல்ல அண்ணாச்சி. அனுப்பாதீங்க."

அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு எடுக்கும் தோல் ஷூ எதுவும் எண்ணெய் தடவி, வெயில் காட்டி, மடக்கிப் பழக்காமல் ஆலயத்துக்குப் போனதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். விறைப்பாக இருப்பதுதான் இந்த ஷூவின் வேலை என்று அந்த மனிதரிடம் யார் சொல்லியிருக்க முடியும்? அவருடைய மகளுக்கு நான் அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். அது வீடு வரை போகவில்லை.

பிசியோதெரபிஸ்ட் இரண்டு வாரம் வேக ஓட்டம் கூடாது என்றுவிட்டார். நைலான் தகடு ஷூவில் அக்காவின் அளவு விற்றுத் தீர்ந்திருந்தது. கடைசியில் ஒரு காலை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் பார்வைக்கு வைத்திருந்த ஜோடியை அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தார். கண்ணாடிக்குள் இருந்த வலது ஷூ வெயிலில் வெளுத்து, அட்டைப்பெட்டியில் கிடந்த இடது ஷூ பளிச்சென்று இருந்தது. அரை அளவு பெரிது. தடித்த காலுறை போட்டுச் சமாளிப்பேன் என்றார் அக்கா.

கிறிஸ்துமஸ் அன்று என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பாக்கியசீலன் ஐயா தன் கறுப்புத் தோல் ஷூவைக் கொண்டுவந்து காட்டினார். பதினோரு வருஷ ஷூவாம். "கையாலயே பழக்குனது. ஒரு நாள் கடிச்சிருக்குமா? கேட்டுப் பாருங்க" என்றார். அக்கா தலை நிமிராமல் எனக்குக் குழம்பு ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார், நான் கையை நீட்டித் தடுத்தபோதுதான் நிறுத்தினார்.

ஜனவரி பிறந்ததும் விடியற்காலையில் பாளையங்கால்வாய்க் கரையில் ஓட ஆரம்பித்தார். நான் சைக்கிளில் கூடவே போய் நேரம் பார்த்தேன். கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம் ஐம்பத்துநான்கு விநாடி. பயிற்சியில் அந்த வேகத்தில் எட்டுக் கிலோமீட்டர் தாங்கினால்தான் போட்டியில் பத்து வரும். முதல் நாள் நான்கு கிலோமீட்டர் வரை சரியாக வந்தது. ஐந்தாவதில் நான்கு நிமிடத்தைத் தாண்டியது. ஆறாவதில் தோள் ஏறி, வாய் கோணிக்கொண்டது. பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"எத்தன?"

சொன்னேன்.

"இன்னும் இருபத்திரண்டு நாள்" என்றார். குனிந்து முழங்காலில் கையூன்றிக்கொண்டே பேசினார். "இது போச்சுன்னா வருஷா வருஷம் ஜூன் மாசம் பள்ளிக்கூட வாசல்ல போய் நிக்கணும் தம்பி, இந்த வருஷம் உண்டா இல்லையான்னு. அஞ்சு வருஷம் நின்னாச்சு."

"அப்பாகிட்டச் சொல்லிரலாம்லாக்கா? மனசாவது லேசாகும்."

"யாருக்கு? அவங்க ஒரு வாய் சாப்பிட மாட்டாங்க. ஷூவ மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அதைப் பாத்துக்கிட்டு நான் எங்கன ஓட?"

மறுநாளும் ஓடினார். ஒரு நாள் விட்டுத்தான் ஓட வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். நான் ஞாபகப்படுத்தினேன். "ஓய்வுக்குப் பிப்ரவரி முழுக்கக் கிடக்கு" என்றார்.

அந்த நைலான் ஷூவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிய்ந்த தார் விளிம்பிலும் வளைவிலும் அது ஆடவே இல்லை. வேக ஓட்டம் முடிந்த மறுநாள் கெண்டைக்கால் வலிக்கவில்லை என்று அக்கா சொன்னபோது எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது. பயிற்சிக்குத் தோதானது எது என்று அவருடைய கால் முதல் நாளே சொல்லிவிட்டது. அன்றைக்கே அதைக் கொடுத்திருந்தால் என்று மட்டும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கடைசி வாரத்தில் ஏழு கிலோமீட்டர் வரை வேகம் குறையாமல் வந்தார். எட்டு ஒருநாளும் வரவில்லை.

திருச்சிக்கு அப்பாதான் துணைக்குப் போனார். மத்தியானம் அக்காவே போன் செய்தார்.

"முப்பத்தொன்பது முப்பத்தொண்ணு தம்பி."

இரண்டு மூன்று விநாடி என்றால் அதைச் சொல்லியாவது புலம்பலாம். முப்பத்தொரு விநாடி. பின்னால் ஐயாவின் குரல் கேட்டது. யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் மவ போன தடவைய விட இருபத்தேழு விநாடி வெரசா ஓடியிருக்கா, தெரியுமா?"

"அப்பா காபி வாங்கித் தாறாங்க. வச்சிருதேன்" என்றார் அக்கா.

பாக்கியசீலன் ஐயா போன ஜூலையில் காலமானார். இடது ஷூவில் வந்த சத்தம் என்னவென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. அவர் போன பிறகுதான் இதை எழுத அக்கா சம்மதித்தார்.

டார்லின் அக்காவுக்கு இப்போது முப்பது வயது. ஆழ்வார்திருநகரியில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறார். அதுவும் தற்காலிக வேலைதான். அம்மா லில்லியோடு பள்ளிக்கு அருகிலேயே வாடகை வீட்டில் குடியிருக்கிறார்.