செத்தவராக வைத்துப் பேசுவது

ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். இங்கே வெள்ளைக்காரர்கள் தங்கள் சாவைப் பற்றி, மழை வருமா என்று கேட்பதுபோலப் பேசுகிறார்கள். எங்கள் துரை காலையில் பைப்பைத் துடைத்துக்கொண்டே, தாம் செத்துவிட்டால் நாயை யார் வளர்ப்பது என்று விசாரிப்பார். கேட்கிற நமக்குத்தான் நாக்கு உலரும். நம் வீடுகளில் கடைக்குக் கிளம்பும்போதுகூட 'போகிறேன்' என்று சொல்ல விடமாட்டார்கள்.

முப்பத்தொன்றாம் ஆண்டு மாசியில், மலாயாவில் பெம்பான் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி வேலை, அதாவது தலைமைக் கணக்கர் வேலை, காலியானது. விலை விழுந்து, ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். அந்த வேலைக்குத் தனி வீடு உண்டு. நாகப்பட்டினத்தில் விட்டுவந்த மனைவியை அழைத்துக்கொள்ள எனக்கு வேறு வழியில்லை.

துரை ஒரே கேள்விதான் கேட்டார். "நாளை காலை நான் செத்துக் கிடந்தால் நீர் என்ன செய்வீர்?" நடக்காததை நடந்ததாக வைத்துப் பேச இங்கிலீஷில் தனி வினைவடிவமே இருக்கிறது. பள்ளியில் அதைப் பிழையில்லாமல் படித்தவன் நான். 'இஃப் யூ வேர் டெட், சார்' என்று தொடங்கினால் போதும். ஆனால் சோறு போடுகிறவரை முகத்துக்கு நேரே செத்தவராக வைத்துப் பேச வாய் வரவில்லை. "அப்படியெல்லாம் நடக்காது, சார்" என்றேன். குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி மறுபடி கேட்டார். நானும் அதையே சொன்னேன்.

மாலையில் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ஸர், யாழ்ப்பாணத்துக்காரர், சிரித்தபடி வந்தார்.

"உமக்கு இங்கிலீசு விளங்கேல்லை எண்டு துரை சொல்லுறார். மனுசனை ஒருக்காச் சாக்காட்டிப்போட்டு வீட்டை வாங்கியிருக்கலாமே, காணும்."

"நீங்க சொல்லுவீங்களா அண்ணே?"

"என்ரை வேலையே சாவு சொல்லுறதுதானே." சிரிப்பு நின்றது. "நாளைக்குப் போய்ச் சொல்லும். மனிசி வரட்டும்."

போனேன். ஆபீஸைப் பூட்டுவது, ஜாசின் போலீஸுக்கு ஆள் அனுப்புவது, நாயைக் கட்டிப்போடுவது வரை சொன்னேன். துரையின் முகம் மலர்ந்தது.

ஆவணியில் மனைவி வந்தாள். அந்த மாதம் தோட்டத்தில் காய்ச்சல். அவளுக்கு இங்கே என்னைத் தவிர ஒருவரையும் தெரியாது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் டிரஸ்ஸரிடம் போ, அவர் கப்பலேற்றிவிடுவார் என்று சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே என் வாயைப் பொத்தினாள்.

"வெளக்கு வச்ச நேரத்துல என்ன பேச்சு இது?"

கையை எடுத்ததும் மீதியை இங்கிலீஷில் சொல்லி முடித்தேன்.

"என்ன சொன்னீங்க?"

"நல்லதுதான்."

தலையாட்டிவிட்டு உலை வைக்கப் போனாள். என் உதட்டில் அவள் கைமஞ்சள் ஒட்டியிருந்தது.