மினி பைக் நின்ற இடங்கள்

நீல அட்டை போட்ட அந்த நோட்டின் முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "சனி, மாலை 3.20 புறப்பாடு. 3.34 நின்றது, ஏரி வளைவு. மூடியைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் கிட்டத்தட்ட பாதி இருக்கிறது. உதைத்ததும் கிளம்பியது." அதற்குக் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில், "ஏன்?"

விடை கிடைக்க ஐந்து சனிக்கிழமைகள் ஆயின.

எண்பதுகளின் நடுவில் நான் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆள் ஆஜரும் கணக்கும் எழுதும் ரைட்டராக இருந்தேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் என் குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருந்த கார் ஷெட்டில் மூன்று பேர் கூடுவோம். ஒருவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர்; சர்ச் பாட்டுக் குழுவில் அடிக்குரலில் பாடுபவர். இன்னொருவர் பக்கத்து மஞ்சக்குட்டை கிராமத்துக்காரர்; பேரிக்காய்த் தோட்டமும், வேறு யார் கையும் படக்கூடாத ஒரு பழைய ஜீப்பும் வைத்திருந்தார். மூன்றாவது நான். எங்களில் யாரும் மெக்கானிக் இல்லை. ரேடியோ, சுவர்க் கடிகாரம், தையல் மெஷின் என்று கிடைத்ததைப் பிரிப்போம். பெரும்பாலும் திரும்பப் பூட்டியும் விடுவோம்.

ஜீப்காரரின் ஊர்ப் பெண் ஒருத்தி, பத்தாவது எழுதி முடித்தவள், ஒரு சனிக்கிழமை அவருடைய ஜீப்பிலேயே வந்து இறங்கினாள். பின்னால் சாக்கு மூடிய ஏதோ ஒன்று. சாக்கை விலக்கினாள். முழங்கால் உயரத்துக்கு ஒரு வண்டி. தட்டு அளவுக்குச் சின்னச் சக்கரங்கள், துரு ஏறிய சட்டம், இருக்கை இருந்த இடத்தில் எலி கடித்த பஞ்சு. எஸ்டேட் பங்களாவில் முன்பு இருந்தவர்களின் பிள்ளைகள் ஓட்டிய மினி பைக்காம். குடோனைச் சுத்தம் செய்யப் போன அவள் அம்மா கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

"ஏனுங்க, இது ஓடுமுங்களா?"

"ஓடறது இருக்கட்டும் கண்ணு. இதுல முன்னாடி எது, பின்னாடி எதுன்னு மொதல்ல சொல்லு" என்றார் ஜீப்காரர்.

அவள் சிரிக்கவில்லை. விஷயம் என்னவென்று அப்போதுதான் சொன்னாள். ஏற்காடு டவுன் பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் சேர அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் சாயங்காலச் சிறப்பு வகுப்பு முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும். வாடகை ஜீப் ஆள் நிறைந்தால்தான் எடுப்பார்கள்.

"இந்த வண்டி டவுன்ல இருந்து ஊடு வரைக்கும் ஒருக்கா கூட நிக்காம வந்தா பாரத்துல கையெழுத்துப் போடறேன்னு அப்பா சொல்லிப்புட்டாருங்க. நடுவுல நின்னுச்சுன்னா, காட்டெருமை வர்ற ரோட்ல நீ என்ன பண்ணுவேங்கறாரு. படிச்சது போதும்ங்கறாரு."

சேர்க்கைப் பாரம் கொடுக்க ஏழு வாரம் இருந்தது. கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை.

முதல் இரண்டு வாரம் இன்ஜினோடு போயிற்று. உள்ளே பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. டீசலும் சீமெண்ணெயும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் ஊற வைத்தோம். பத்தாவது நாள் அரை அங்குலம் அசைந்தது. ஆய்வகக்காரர் அன்று ஒரு கீர்த்தனை முழுவதையும் பாடிவிட்டார். கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளை அந்தப் பெண் கோழி இறகால் சுத்தம் செய்தாள். கழற்றிய ஒவ்வொரு திருகையும் நான் அட்டையில் குத்தி எண் போட்டு வைத்தேன். ஜீப்காரர் அதைக் கேலி செய்தார். "ரைட்டரய்யா, திருகுக்கும் ஆஜர் எடுக்கறீங்களா?"

பெட்ரோல் டேங்குக்கு மூடி இல்லை. அதை நான் செய்தேன். ஏற்காட்டில் பனிமூட்டம் எல்லாவற்றுக்குள்ளும் நுழையும். உப்பு கசியும், தீக்குச்சி நமுக்கும், பீரோவிலிருக்கும் சட்டை பூசணம் பூக்கும். அதனால் இங்கே மூடி என்றால் இறுக்கமாக இருக்க வேண்டும். என் டைரிகளே பிஸ்கட் டின்னில், விளிம்பைச் சுற்றி மெழுகு தடவித்தான் இருந்தன. அலுமினிய மூடி ஒன்றைத் தேடிப் பிடித்து, லாரி டியூப்பிலிருந்து வட்டமாக ரப்பர் வெட்டி, உள்ளே ஒட்டினேன். டேங்கைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். ஒரு சொட்டு வரவில்லை. ஜீப்காரருக்கு அது மிகவும் பிடித்துப்போய், தன் ஜீப்புக்கும் ஒரு ரப்பர் வெட்டித் தரச் சொன்னார். நேரம் கிடைக்கும்போது தருகிறேன் என்றேன்.

மூன்றாவது சனிக்கிழமை வண்டி ஓடியது. பதினாலு நிமிடம் ஓடி, ஏரி வளைவில் நின்றது.

இதற்கு மூன்று பேரும் மூன்று காரணம் சொன்னோம். மலைக்கு மேலே காற்று லேசு, அதற்கேற்ப பெட்ரோலைக் குறைக்க வேண்டும் என்றார் ஆய்வகக்காரர். பிளக் சூடாகிறது என்றார் ஜீப்காரர். டேங்கின் துரு குழாயில் அடைக்கிறது என்றேன் நான். வாரம் ஒருவர் முறை. அவரவர் காரணத்தைச் சரிசெய்தோம். ஒவ்வொரு வாரமும் வண்டி நின்றது. நின்ற உடனே நான் மூடியைத் திறந்து, கோடு கீறிய மூங்கில் குச்சியை விட்டு அளந்து, நேரத்தையும் இடத்தையும் எழுதுவேன். அவள் உதைப்பாள். ஒன்றுமே நடக்காதது போல வண்டி கிளம்பும்.

"நின்ன வண்டி எப்படிங்க உடனே கெளம்புது?" என்று அவள் கேட்டாள்.

"அதுக்கு மூச்சு வாங்குது சாமி. உங்க ஜீப் மாமன் மேடு ஏறுனா நிக்கறதில்லையா, அது மாதிரி" என்றார் ஆய்வகக்காரர்.

ஆறாவது வாரம் நோட்டைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. டேங்க் பாதியாக இருந்த நாளில் பதினாலு நிமிடம். முக்கால் இருந்த நாளில் ஒன்பது. நிறைய ஊற்றிய நாளில் ஐந்து. பெட்ரோல் அதிகமாக இருந்தால் வண்டி சீக்கிரம் நிற்கிறது! வாசித்துக் காட்டினேன். ஜீப்காரர் நோட்டை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

கடைசிச் சனிக்கிழமை, பாரம் கொடுக்க இரண்டே நாள் இருக்கையில், ஐந்தாவது முறையாக வண்டி நின்றது. நான் வழக்கம் போல மூடியில் கை வைத்தேன். எங்காவது ஒழுகுகிறதா என்று அவள் டேங்கின் பக்கத்தில் குனிந்திருந்தாள்.

"இருங்க இருங்க. மூடியைத் தொறக்கறப்ப உஸ்ஸுன்னு இழுக்குதுங்க."

"எது?"

"டேங்குதானுங்க. எண்ணெ டின்னுல ஒரே ஓட்டை போட்டா எண்ணெ ஊத்துமுங்களா? காத்துப் போக இன்னொரு ஓட்டை போடுவோமில்லீங்க. இதுல காத்துப் போக வழி எங்கீங்க?"

மூவரும் மூடியைப் பார்த்தோம். பெட்ரோல் வெளியேறிய இடத்துக்குக் காற்று வர வழியில்லை. அதனால் சிறிது நேரத்தில் பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடுகிறது. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே இருக்கும் காற்றும் கொஞ்சம்தான், இன்னும் சீக்கிரம் நிற்கும். அளந்து எழுதுவதற்காக ஒவ்வொரு முறையும் நானே மூடியைத் திறந்து காற்று விட்டிருக்கிறேன். நான் அளக்காமல் இருந்திருந்தால் முதல் நாளே காரணம் தெரிந்திருக்கும்.

"நாம மூணு பேரும் சேந்து இன்ஜினப் படிச்சோம். புள்ள எண்ணெ டின்னப் படிச்சிருக்குது" என்றார் ஜீப்காரர்.

அப்போதும் ஓட்டை போட எனக்கு மனம் வரவில்லை. மழைத் தண்ணீர் இறங்குமே. ஆய்வகக்காரர் மெல்லிய செம்புக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து, கொக்கி போல வளைத்து, வாய் கீழே பார்க்கும்படி மூடியில் பொருத்தினார். அன்று டேங்கை நிறைத்து முக்கால் மணி நேரம் ஏரியைச் சுற்றினாள். நிற்கவில்லை. அந்த மகிழ்ச்சியில், மீதமிருந்த ரப்பரில் ஜீப் மூடிக்கும் ஒன்று வெட்டி ஜீப்காரரிடம் கொடுத்தேன். கொடுத்த எனக்கும் உறைக்கவில்லை, வாங்கி ஒட்டிக்கொண்ட அவருக்கும் உறைக்கவில்லை.

ஞாயிறு மாலை 4.05க்கு அவள் டவுனிலிருந்து புறப்பட்டாள். நாங்கள் ஜீப்பில் பின்தொடர்ந்தோம். வழியில் எங்கும் நிற்கவில்லை என்பதற்கு நான் சாட்சி எழுத வேண்டும் என்று ஏற்பாடு. 4.17 வரை எழுதியிருக்கிறேன். 4.18க்கு ஜீப் இருமி இருமி நின்றது. மினி பைக் வளைவு திரும்பி மறைந்தது. ஜீப்காரர் பானெட்டைத் திறக்கப் போனவர், பாதியில் நின்றார். எங்கள் இருவரையும் பார்த்தார். பின்பக்கம் போய் டேங்க் மூடியைத் திருகினார். உஸ்.

"ஒரு வார்த்த பேசக் கூடாது" என்றார்.

ரப்பரைப் பிய்த்து எறிந்து, வறண்ட குழாயில் மறுபடி பெட்ரோல் ஏறும்வரை அரை மணி நேரம் ஜீப்பைத் தள்ளிக் கிளப்பி, போய்ச் சேரும்போது 5.10. பைக் வாசலில் சாய்ந்திருந்தது. அவள் அப்பா வரப்போரப் பாறை மேல் உட்கார்ந்திருந்தார். அவள் என்னையே பார்த்தாள்.

"ரைட்டருங்க, நின்னுச்சுங்களா?" என்று அப்பா கேட்டார்.

நிற்கவில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் 4.18க்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அதைச் சொன்னேன். நோட்டைக் காட்டினேன். ஆய்வகக்காரர் என் காலை மிதித்தார்.

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. "நீங்க பாக்கலீன்னா என்னங்க, நான் கேட்டனே. வண்டி அந்த மேட்டுல ஏறுற சத்தம் கேட்டதுல இருந்து இந்தப் பாறையிலதான் உக்காந்திருக்கறேன். பள்ளத்துல சத்தம் அப்படியே வருமுங்க. கொளவி மாதிரி ஒரே சத்தம், நொம்ப தூரம். எங்கியும் அறுந்து போகலீங்க. உங்க ஜீப்பு அடங்குனதும் கேட்டுச்சு." நோட்டை விரலால் தட்டி, "எழுதிக்கோங்க" என்றார்.

எழுதினேன். "4.18 முதல் வீடு வரை நிற்கவில்லை. நான் பார்க்கவில்லை. கேட்டவர்: பெண்ணின் தகப்பனார்." அந்தப் பேனாவையே அவர் வாங்கி, பாறை மேல் பாரத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார். அதற்குள் அவள் மூடியின் செம்புக் குழாயில் மண் அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.