கைப்பிடி இல்லாத கார்

என் பழைய மொரிஸ் மைனரின் கதவுக் கைப்பிடிகளைக் கழற்றி, ஓட்டைகளைத் தகடு வைத்து வெல்டிங் செய்து, மழமழவென்று பெயின்ட் அடிக்கச் சொன்னது நான்தான். மட்கார்டுக்கு அடியில் ஒளித்து வைத்த பட்டனை அழுத்தினால் கதவு திறக்கும். கொட்டாஞ்சேனை கராஜில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

தங்கச்சியின் கல்யாணத்தில் அதுதான் மணமக்கள் போகும் கார். வெள்ளவத்தை மண்டப வாசலில் பூ அலங்காரத்தோடு நிறுத்தி, எல்லோரும் பார்க்கட்டும் என்று தாலி கட்டி முடியும்வரை ஹெட்லைட்டை எரியவிட்டிருந்தேன்.

பிறகு பட்டனை அழுத்தினேன். கதவு திறக்கவில்லை. ஹெட்லைட் எரிந்தே பற்றரி செத்திருந்தது. இராகுகாலத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயாக வேண்டும்.

"அண்ணா, இதில எப்பிடி ஏறுறது?" என்றாள் தங்கச்சி.

கதவை உள்ளிருந்து திறக்கலாம் என்று, சாவி போட்டு டிக்கியைத் திறந்து, பின்சீற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே தவழ்ந்தேன். பாதியில் இடுப்பு சிக்கிக்கொண்டது. உள்ளே போனாலும் கார் ஸ்டார்ட் ஆகாது என்பது அப்போதுதான் உறைத்தது.

வெளியே ஒரு த்ரீவீல்காரரின் குரல் கேட்டது. "ஏறுங்கோ பிள்ளை. இதுக்குக் கதவே இல்லை."

கல்யாண அல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. த்ரீவீலுக்குள் மணமக்கள் சிரிக்கிறார்கள். பின்னால் பளபளக்கும் என் கார். டிக்கிக்கு வெளியே பட்டு வேட்டியோடு இரண்டு கால்கள்.

கைப்பிடிகளைத் திரும்பப் பூட்டிவிட்டேன். அழகு போய்விட்டதே என்பவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டுகிறேன்.